கேபிளை மாற்றியும் உறுமல் போகவில்லை: உங்களுக்கு நடந்தது என்ன? மூன்று பேர் சொல்கிறார்கள்

கோவையில் எங்கள் வீட்டு ஹாலில் ஸ்டீரியோ ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி), இரண்டு ஸ்பீக்கர், டிவியின் செட்-டாப் பாக்ஸ் எல்லாம் ஒரே மேசையில் இருக்கின்றன. பாட்டு நிற்கிற இடங்களில் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்கும். ராத்திரி தெரு அடங்கிய பிறகு அது மட்டும்தான் கேட்கும். ஆடியோ கடையில் விசாரித்தபோது, "கரன்ட் சுத்தமா வரல சார், பவர் கேபிளை மாத்துங்க" என்றார்கள். 18,000 ரூபாய் கொடுத்து விரல் தடிமனில் ஒரு கேபிள் வாங்கி வந்தேன்.

முதல் நாள் உறுமல் குறைந்த மாதிரியே இருந்தது. நிஜமாகவே அப்படித்தான் கேட்டது. ஊரிலிருந்து வந்த தம்பிதான் நம்பவில்லை. "நீ திரும்பி உட்காருண்ணா. நான் காசைச் சுண்டிப் பார்த்து ரெண்டுல ஒண்ணை மாட்டுறேன், எதுன்னு நீ சொல்லு" என்றான். ஒவ்வொரு முறையும் ஆம்ப்பை அணைத்து, மாட்டி, மறுபடி போட்டு, மொத்தம் 16 முறை. 9 சரி. குத்துமதிப்பாகச் சொன்னாலே 8 வரும். 12 வந்திருந்தால் என் காதை ஓரளவு நம்பியிருக்கலாம்.

அப்புறம்தான் ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தோம். செட்-டாப் பாக்ஸின் பின்னாலிருந்த கேபிள் டிவி வயரை எடுத்ததும் உறுமல் சட்டென்று நின்றது. அந்த வயருக்குள் இருக்கும் உலோகப் பின்னல் உறை வெளியே எங்கோ எர்த் ஆகியிருக்கிறது, ஆம்ப் வீட்டு எர்த்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் போதும், பாக்ஸையும் ஆம்ப்பையும் இணைக்கும் ஆடியோ வயரின் உறை வழியாகக் கரன்ட் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. ஸ்பீக்கரில் உறுமுவது அதுதான். ஆடியோ வயருக்கு நடுவே சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை மாட்டினோம். பாட்டை விட்டுவிட்டு, உறை வழியாக ஓடும் கரன்ட்டின் பாதையை மட்டும் அது துண்டிக்கும். சில நூறு ரூபாய்தான். இன்றுவரை சத்தமில்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். உறுமலை நிறுத்த, மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. உறுமல் நிற்கலாம். ஆனால் உள்ளே ஏதாவது பழுதானால் ஆம்ப்பின் இரும்புப் பெட்டியில் 230 வோல்ட் ஏறி நிற்கும். குழந்தைகள் தொடுகிற பொருள் அது. செய்யாதீர்கள்.

*

எங்கள் வீட்டில் உறுமல் இல்லை, 'கிர்ர்' என்று ஒரு கரகரப்பு. ஒருவர் சொன்னார் என்று வயருக்கு வயர் ஃபெரைட் வளையம் (வயரைச் சுற்றி மாட்டும் காந்தப்பொருள் வளையம்) மாட்டினேன், பலனில்லை. ஃபேனை 5-ல் வைத்தால் சத்தம் நிற்பதை என் மனைவிதான் கவனித்தார். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்க மின் அலையை நொடிக்கு 100 முறை வெட்டுகிறது. அந்த வெட்டு ரெக்கார்டு பிளேயர் வயரில் ஏறியிருக்கிறது. ஊசியிலிருந்து வருவதே 5 மில்லிவோல்ட் அளவுதான், அதோடு எது சேர்ந்தாலும் நூறு மடங்கு பெருகிவிடும். அலையை வெட்டாத கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் போட்டதும் அமைதி. ஃபெரைட்டை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ரேடியோ அலையாக வருகிற தொந்தரவுக்கு அது உதவும். எங்கள் வீட்டு நோய் வேறு.

*

நான் இன்டர்நெட்டில் பாட்டுக் கேட்பவன். ஆடியோவுக்கென்றே விற்கிற நெட்வொர்க் ஸ்விட்சை (இன்டர்நெட் லேன் வயர்களை இணைக்கும் பெட்டி) நண்பர் வாங்கியிருந்தார், பாட்டின் பின்னணியே அமைதியாகிவிட்டது என்றார். இரவல் வாங்கி ஒரு வாரம் கேட்டேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒருநாள் பாட்டு ஓடும்போதே லேன் வயரைப் பிடுங்கினேன். பாட்டு நிற்கவில்லை, ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த தகவலை வைத்துக்கொண்டு அரை நிமிடத்துக்கு மேல் ஓடியது. வயர் இருந்தபோது கேட்ட அதே ஒலி. அப்படியென்றால் வயர் வழியாக வரும் எதுவும் ஒலியைத் தொடவில்லை என்றுதானே அர்த்தம்?

நண்பரிடம் சொன்னேன். அவரும் தன் வீட்டில் பிடுங்கிப் பார்த்தார். ஸ்விட்சை இன்னும் கழற்றவில்லை. ஆனால் அடுத்ததாகக் கேபிள் வாங்க வைத்திருந்த பணத்தில் ஹாலுக்குக் கனமான திரைச்சீலையும் ஒரு கம்பளமும் வாங்கிப் போட்டார். போன வாரம் போயிருந்தேன். எதிரொலி குறைந்து, பாடகரின் குரல் தெளிவாகக் கேட்டது.