சாண்டோரினியில் கப்பல் நிற்கும் நாள்: கேபிள் கார் வரிசையில் சிக்காமல் ஏறி இறங்குவது எப்படி? (அனுபவப் பகிர்வு)

வைகறை:
கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பல் பயணம் போகும் குழுவில் எழுபது வயதைத் தொட்ட இருவர். ஒருவருக்கு முழங்கால் வலி. சாண்டோரினியில் கப்பல் காலை 8 முதல் மாலை 6 வரை நிற்கும். கேபிள் காருக்கு இரண்டு மணி நேரம் கால் கடுக்க நிற்க வேண்டும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

நங்கூரம்:
வரிசை ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே தப்பலாம் என்பதும் பிடிபட்டுவிடும்.

சாண்டோரினி என்பது கடல் புகுந்த ஓர் எரிமலை வாய். பெரிய கப்பலைக் கொண்டுபோய் அணைக்கும் மேடை அங்கே கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும். டெண்டர் படகுகள் வந்து ஆட்களை ஏற்றி, ஃபிரா ஊருக்கு நேர் கீழே இருக்கும் பழைய துறைமுகத்தில் இறக்கிவிடும். ஊரோ செங்குத்துப் பாறையின் உச்சியில், சுமார் 220 மீட்டர் மேலே. அங்கிருந்து மேலே போக மூன்றே வழிதான்: கேபிள் கார், 588 படிகள், கழுதை.

கேபிள் காரில் ஒரு தொகுதிக்கு 6 பெட்டி, பெட்டிக்கு 6 பேர். ஆக ஒரு நடைக்கு 36 பேர். ஒரு தொகுதி மேலே ஏறும்போது இன்னொன்று கீழே இறங்கும். கூட்டம் அதிகம் என்பதற்காக நடுவில் இன்னொரு பெட்டியைச் செருக முடியாது. பயணம் மூன்று நிமிடம்தான். ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் நாலைந்து நிமிடத்துக்கு ஒரு நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் 360 பேர் நின்றால் 10 நடை, அதாவது 40 முதல் 50 நிமிடம். வரிசையின் நீளத்தைப் பார்த்து மிரளாமல் தலையை எண்ணுங்கள், 36-ஆல் வகுங்கள். நிற்பதா நடப்பதா என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

கப்பல் பயணிகளுக்கு நாளொன்றுக்கு 8,000 பேர் என்று தீவு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அத்தனை பேரும் கேபிள் காரிலேயே இறங்குவதாக வைத்தால் 222 நடை. நாலு நிமிடத்துக்கு ஒன்று ஓடினாலும் ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். வரம்பு வைத்தும் வரிசை குறையாததற்குக் காரணம் இதுதான்.

திசைகாட்டி:
நங்கூரம் சார் கணக்கோடு ஒன்று சேர்க்க வேண்டும். எல்லோரும் காலையில் ஏறும் வரிசையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆபத்து சாயங்காலம் இறங்கும் வரிசையில்தான் இருக்கிறது. காலையில் ஆட்கள் படகு படகாகப் பிரிந்து வருவார்கள். மாலையில் எல்லாக் கப்பலின் ஆட்களும் ஒரே நேரத்தில் ஒரே வாசலுக்குத் திரும்புவார்கள். காலையில் தாமதமானால் ஊர் பார்க்கும் நேரம் குறையும், அவ்வளவுதான். மாலையில் தாமதமானால் கப்பலே போய்விடும்.

ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். கப்பல் 6 மணிக்குக் கிளம்பினால் கடைசி டெண்டர் பெரும்பாலும் 5 அல்லது 5.30-க்கு. சரியான நேரம், மறுநாள் நிகழ்ச்சிகளை அச்சிட்டுக் கப்பலில் முந்தின இரவு அறைக்கு அனுப்பும் தினத்தாளில் இருக்கும். 5.30 என்று வைத்துக்கொண்டால், கீழே படகுத்துறையில் 4.45-க்கு இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கேயும் ஒரு வரிசை உண்டு. கேபிள் காருக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் மேல் நிலையத்துக்கு 3.15-க்குள் வந்துவிட வேண்டும். இரண்டு மணிக்கே வந்தால் இன்னும் நிம்மதி. வைகறை கேட்ட இருவருக்கு இரண்டு மணிதான் நல்லது.

படகுத்துறையில் ஒரு சின்ன எச்சரிக்கை. நாலு கப்பலின் ஆட்கள் பக்கத்துப் பக்கத்தில் வரிசை கட்டி நிற்பார்கள். கப்பல் பெயர் எழுதிய பலகையைப் பார்த்துவிட்டு நில்லுங்கள். அரை மணி நேரம் அடுத்த கப்பலின் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள்.

பாய்மரம்:
ஏறும் வரிசையை அடியோடு தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. பழைய துறைமுகத்தில் கால் வைத்ததும் கேபிள் கார் பக்கம் போகாதீர்கள். அங்கேயே ஓயாவுக்குப் படகும் பஸ்ஸும் சேர்ந்த டிக்கெட் விற்பார்கள். படகு உங்களை வடமுனையில் ஓயாவுக்குக் கீழே இறக்கும், அங்கே நிற்கும் பஸ் மேலே ஊருக்குள் கொண்டுபோய் விடும். பிறகு அதே டிக்கெட்டில் பஸ் ஃபிராவுக்குத் திரும்பும். எல்லோரும் படம் எடுக்கும் நீலக் குவிமாடங்கள் ஓயாவில்தான் இருக்கின்றன. மதியக் கூட்டம் வருவதற்குள் அவற்றைப் பார்த்துவிடலாம்.

டிக்கெட் வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும்? டிக்கெட்டில் ஃபிரா வரை பஸ் உண்டா, இல்லை ஒருவழிதானா? ஊர்ப் பெயரை ஓயா என்று எழுதினாலும் அங்கே 'இயா' என்றுதான் சொல்வார்கள். டிரைவரிடம் அப்படியே கேளுங்கள்.

பொதுப் பஸ்ஸிலும் வரலாம். ஃபிரா, ஓயா இடையே அரை மணிக்குள் வந்துவிடும். ஆனால் மதியத்துக்கு மேல் ஓயா நிறுத்தத்தில் பஸ் நிரம்பி, அடுத்ததுக்குக் காத்திருக்க நேரும். தீவில் டாக்சி மிகக் குறைவு, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வைகறை:
கப்பல் கம்பெனியின் சுற்றுலாவையே எடுத்துக்கொண்டால் வரிசை இருக்காது என்கிறார்களே, உண்மையா?

நங்கூரம்:
பாதி உண்மை. அந்தச் சுற்றுலாவில் இருப்பவர்களை முதல் டெண்டர்களில் ஏற்றி, அத்தினியோஸ் என்ற வேறு துறைமுகத்தில் இறக்குவார்கள். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை உண்டு, பஸ் காத்திருக்கும். எனவே ஏறும்போது கேபிள் கார் தொல்லை இல்லை. தனியாகப் போகிறவர்களைப் பொதுவாக அத்தினியோஸுக்கு ஏற்றிப் போக மாட்டார்கள்.

ஆனால் பெரும்பாலான சுற்றுலாக்கள் ஃபிராவில் முடிந்துவிடும். கையில் ஒரு கேபிள் கார் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு வழிகாட்டி போய்விடுவார். அந்த டிக்கெட் கட்டணத்துக்குத்தான், முன்னுரிமைக்கு அல்ல. எல்லோரோடும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். பதிவு செய்யும்போதே சுற்றுலா எங்கே முடிகிறது, எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேளுங்கள். ஃபிராவில் 4 மணிக்கு விடும் சுற்றுலா என்றால், முழங்கால் வலிக்காரருக்கு அது சரிப்படாது.

படிக்கணக்கு:
படியைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. வீட்டு மாடிப்படி மாதிரி நினைக்காதீர்கள். பழனி யானைப்பாதை மாதிரி அகலமான, சரிவான கற்படிகள். கழுதைகள் நடந்து நடந்து கல் வழவழவென்று தேய்ந்திருக்கும், போதாக்குறைக்குச் சாணம் வேறு. இறங்க 25 முதல் 30 நிமிடம், ஏற முக்கால் மணி நேரம். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம்; ரப்பர் செருப்போடு இறங்கினால் வழுக்கும்.

அந்தப் பாறை மேற்கைப் பார்த்தது. காலையில் படியெல்லாம் நிழலில் இருக்கும், பிற்பகலில் வெயில் நேராக அடிக்கும், ஒதுங்க மரம் கிடையாது. நடக்கத் தெம்புள்ளவர்கள் காலை நிழலில் ஏறிவிட்டு, மாலையில் கேபிள் காரா படியா என்று கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். பிற்பகலில் இறங்குவதென்றால் ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

கழுதைகள் கூட்டமாக வரும்போது பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல், பாறைப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். சவாரி செய்வதா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் கருத்து. கிரேக்க அரசு 2018-இல் ஒரு விதி கொண்டுவந்தது: விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ, 100 கிலோவுக்கு மேலோ சுமை ஏற்றக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டால், சாதாரண உடல்வாகு உள்ளவரே சின்னக் கழுதைக்கு அதிகம்.

திசைகாட்டி:
டெண்டர் சீட்டு (எந்தப் படகில் ஏற வேண்டும் என்பதற்குக் கப்பலில் கொடுக்கும் வரிசைச் சீட்டு) பற்றி: காலையில் சுற்றுலாக் குழுக்கள் முதலில், பிறகு சூட் அறைக்காரர்களும் அடிக்கடி வரும் உறுப்பினர்களும், அதன் பிறகுதான் மற்றவர்கள். சீட்டு எங்கே, எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்பதும் அந்தத் தினத்தாளிலேயே இருக்கும். கொடுக்க ஆரம்பிப்பதற்குக் கால் மணி முன்னதாகவே, குழுவில் எல்லோரும் சேர்ந்தே போங்கள். பல கப்பல்களில் ஒருவரே எல்லோருக்கும் வாங்க விட மாட்டார்கள். இல்லையென்றால் நேர் எதிராகச் செய்யுங்கள்: நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு 10.30-க்குப் போங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் சீட்டே கேட்க மாட்டார்கள். 8.30-க்கும் 10-க்கும் நடுவில் போவதுதான் மிக மோசம்.

அன்று எத்தனை கப்பல் என்பதை க்ரூஸ்மேப்பர் தளத்தில் தேதி வாரியாகப் பார்க்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், அவை எத்தனை மணிக்குக் கிளம்புகின்றன என்று பாருங்கள். உங்கள் கப்பல் 6 மணிக்கு, மற்ற இரண்டும் 9 மணிக்கு என்றால் பிழைத்தீர்கள். மூன்றும் 6 என்றால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாய்மரம்:
மேலே போனதும் எல்லோரும் கடைத்தெரு வழியாகத் தெற்கே போவார்கள். நீங்கள் மேல் நிலையத்திலிருந்து வடக்கே திரும்புங்கள். பத்துப் பதினைந்து நிமிட நடையில் ஃபிரோஸ்டெஃபானி என்ற சிற்றூர். காட்சி அதேதான், கூட்டம் பாதி. இறங்கும் நேரத்தில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பீர்கள் என்பது கூடுதல் லாபம்.

வைகறை:
மிக்க நன்றி. கட்டணம் ஏதாவது தனியாகக் கட்ட வேண்டுமா? கேபிள் கார் நின்றுவிட்டால்?

நங்கூரம்:
2025 ஜூலை முதல் கப்பல் பயணிகளுக்கு ஒரு வரி உண்டு. சாண்டோரினி, மைக்கோனோஸ் இரண்டிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆளுக்கு 20 யூரோ, ஏப்ரல், மே, அக்டோபரில் 12, குளிர்காலத்தில் 4. பொதுவாகக் கப்பல் கணக்கிலேயே ஏற்றிவிடுவார்கள், கரையில் அதற்கென்று வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடகாற்று வீசும். பலமாக அடித்தால் கேபிள் காரை நிறுத்துவார்கள். நின்றுவிட்டால் படியும் கழுதையும்தான். அதனால் முழங்கால் வலிக்காரர் மேலே இருக்கும்போது காற்று கூடுவது தெரிந்தால், இரண்டு மணி வரைகூடக் காத்திராமல் உடனே நிலையத்துக்கு வந்துவிடுங்கள். நிலையத்துக்குள்ளேயும் கொஞ்சம் படி உண்டு என்பதை அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். தினத்தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். கரைக்குப் போகும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரமாகிவிட்டால் முதலில் அழைக்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.