மாமியார் தெலுங்கு, நாங்கள் தமிழ், பிள்ளை மலாய்: எந்தப் பள்ளியில் போடுவது?

மெலிந்தாங்_அம்மா:
மகளை அடுத்த வருஷம் ஒன்றாம் ஆண்டில் சேர்க்க வேண்டும், வீட்டில் பெரிய பஞ்சாயத்து. நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம், செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டத்துக் குடும்பம். மாமியார் தெலுங்கு. அக்காவோடு போனில் பேசும்போது தெலுங்கு வரும், கோபம் வந்தாலும் வரும். கணவருக்குப் புரியும், பேச வராது. வீட்டில் புழங்குவது தமிழ்தான். பிள்ளையோ தாடிகா (பாலர் பள்ளி) போனதிலிருந்து "நாக் ஆயிர்" என்றுதான் தண்ணீர் கேட்கிறாள். தமிழ் நமக்குத் தாய்மொழியே இல்லை, அப்புறம் தமிழ்ப்பள்ளி எதற்கு, மலாய்ப் பள்ளியில் போடு என்கிறார் மாமியார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?

ஏழாங்கட்டை:
அக்கா, பாகான் டத்தோ பக்கமெல்லாம் தெலுங்குக் குடும்பங்கள் நிறைய, உங்கள் கதை புதுசு இல்லை. தோட்டத்தில் பள்ளி நடத்தச் சொல்லி வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது, பெரும்பாலும் அது தமிழ்ப்பள்ளிதான், தெலுங்கு வீட்டுப் பிள்ளையும் மலையாள வீட்டுப் பிள்ளையும் அதே பெஞ்சில்தான். கங்காணி பேசுவது தமிழ், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்து வீடு தமிழ், ரேடியோ தமிழ். எங்கள் தாத்தா மலையாளி. தீமிதிக்குக் காப்புக் கட்டி, சாமி வந்தால் தமிழில்தான் குறி சொல்வார்! அவர் மொழி எது என்று யார் தீர்ப்புச் சொல்வது?

சித்தியவான்_பையன்:
தாத்தா கதை நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் நடப்பைப் பாருங்கள். என் மகன் தேசியப் பள்ளி, அதாவது மலாய்ப் பள்ளி. 1996 கல்விச் சட்டப்படி 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் அங்கேயும் தமிழ் சொல்லித்தர வேண்டும். கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம், வகுப்பும் வந்தது, எப்போது என்றால் பள்ளி முடிந்த பிறகு. வேன்காரர் காத்திருப்பாரா? பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. பேச்சு போதும் என்றால் மலாய்ப் பள்ளியில் போடுங்கள், எழுதப் படிக்க வேண்டும் என்றால் தமிழ்ப்பள்ளியை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற_டீச்சர்:
மலாய் மட்டும் பேசும் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்கும் வருகிறார்கள்மா. ஒரு பையன், "பாட்டி ஆறு வடை சுட்டார், இரண்டு சாப்பிட்டார், மீதி எத்தனை?" என்றால் முழிப்பான், அதையே மலாயில் கேட்டால் படக்கென்று நாலு என்பான். கணக்கில் ஒரு குறையும் இல்லை. அதனால் பள்ளி திறக்கும்வரை காத்திருக்காமல் இப்போதிருந்தே வீட்டில் தமிழில் கதை சொல்லுங்கள், அவள் மலாயில் பதில் சொன்னாலும் நீங்கள் மாறாதீர்கள். மலாயை நினைத்துப் பயம் வேண்டாம், தமிழ்ப்பள்ளியிலும் அது கட்டாயப் பாடம். ஆனால் அதில் பலவீனமாக இருந்தால் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பு என்று ஒரு வருஷம் போகும், அதை மட்டும் கவனியுங்கள். அப்புறம், மாமியாரைத் தெலுங்கிலேயே பேத்தியிடம் பேசச் சொல்லுங்கள். அவரிடம் தவிர வேறு எங்கே கிடைக்கும் அந்தப் பிள்ளைக்கு?

மெலிந்தாங்_அம்மா:
மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். தெலுங்கு பேசத் தயாராம், பள்ளி மட்டும் மலாய்ப் பள்ளிதானாம்! கணவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. சரி, தமிழ்ப்பள்ளி என்று முடிவானால் தோட்டத்து உள்பக்கம்வரை வேன் வருமா? இந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.