எல் சைஸா, எக்ஸ்எல் சைஸா? குன்னூர் கல்யாணத்துக்கு பிரைட்ஸ்மெய்ட் கவுன், அவசரம்

சிம்ஸ்பார்க்_பொண்ணு:
ஃபிரண்டுக்குக் குன்னூர்ல சர்ச் கல்யாணம். நாங்க நாலு பேர் பிரைட்ஸ்மெய்ட், அதாவது மணப்பெண் தோழிங்க. எல்லாருக்கும் ஒரே கவுன், ஆன்லைன்ல எடுக்கிறோம். ராத்திரிக்குள்ள சைஸ் சொல்லுன்னு கல்யாணப் பொண்ணு போன் மேல போன். எனக்கு எல்லுக்கும் எக்ஸ்எல்லுக்கும் நடுவுல வருது. எதை எடுத்தா அப்புறம் டைலர்கிட்ட குடுத்து சரி பண்ணிக்கலாம்? ப்ளீஸ், சீக்கிரம்.

கோத்தகிரி_அக்கா:
நடுவுலன்னா எதும்மா நடுவுல? மார்பா, இடுப்பா? துணி என்ன? கல்யாணம் எப்போ?

மஞ்சூர்க்காரன்:
யோசிக்கவே வேண்டாம், பெருசு எடுங்க. பிடிச்சுத் தைக்கிறது சுலபம். லூஸ் விடணும்னா உள்ளே துணி இருக்கணும்ல. நம்ம டைலர் தைக்கிற ஜாக்கெட்ல ஒண்ணு, ஒன்றரை இஞ்ச் உள்ள மடிச்சு விட்டிருப்பாங்க. ரெடிமேட்ல அரை இஞ்ச் இருந்தாலே பெரிசு, அதையும் பிரியாம இருக்க ஓரத்துல ஓவர்லாக் தையல் அடிச்சு வெட்டியிருப்பான்.

ஊசிமுனை:
அளவு போடாம சைஸ் கேட்டா யாரும் சொல்ல முடியாதுன்னு இங்கே எத்தனையோ தடவை எழுதிட்டேன். பழைய இழைகளைப் படிக்கிற பழக்கம் யாருக்குமே இல்லை. மார்பு, இடுப்பு, சீட் (உக்கார்ற இடத்துச் சுத்தளவு) மூணும் போடுங்க. விக்கிறவங்க குடுத்திருக்கிற அளவையும் போடுங்க. ஜிப் எங்கே இருக்கு?

சிம்ஸ்பார்க்_பொண்ணு:
சாரி. மார்பு 39, இடுப்பு 31, சீட் 41. வெப்சைட்ல எல் 38-31-41, எக்ஸ்எல் 40-33-43. ஷிஃபான், உள்ளே லைனிங். கை இல்லை. கீழே விரிஞ்சு வர்ற ஏ-லைன். கல்யாணம் ஜனவரி கடைசி.

கூடலூர்_மிஸ்:
நான் எல் தான் சொல்லுவேன். மூணுல ரெண்டு அளவு அச்சா பொருந்துதே! கை இல்லாத கவுன்ல பெரிய சைஸ் எடுத்தா கைக்குழி வாயைப் பிளந்துட்டு நிக்கும், தோளும் இறங்கும். அதைச் சரி பண்றதுதான் தலைவலி. மார்பு ஒரு இஞ்ச் பத்தலைன்னா முதுகுல ஜிப்பை எடுத்துட்டு நாடா வெச்சுக் கட்டிக்கலாம்.

ஊசிமுனை:
மிஸ், கைக்குழி பத்திச் சொன்னது சரி. நாடா யோசனை சரியில்லை. சர்ச்ல பூசை முழுக்க ஜனங்க பாக்கப்போறது இவங்க முதுகைத்தான். மூணு பேருக்கு ஜிப், ஒருத்திக்கு நாடான்னா போட்டோவுல அப்பட்டமாத் தெரியும்.

இப்போ கணக்கைப் பாருங்க. ஏ-லைன்ல சீட் அளவை விட்டுடலாம், பாவாடை எப்படியும் விரியுது. மார்புதான் முடிவு பண்ணும். சைட்ல போட்டிருக்கிறது உடம்பு அளவுன்னா 39க்கு எக்ஸ்எல்தான். தைச்ச துணியோட அளவுன்னா 38 இஞ்ச் கவுன் 39 இஞ்ச் உடம்புல ஏறவே ஏறாது. இழுவை இல்லாத துணிக்கு மூச்சு விட, உக்கார ரெண்டு இஞ்சாவது லூஸ் வேணும். அப்படிப் பாத்தா எக்ஸ்எல்லே இறுக்கம்தான். அதனால அது எந்த அளவுன்னு விக்கிறவங்ககிட்ட கேட்டுட்டு ஆர்டர் போடுங்க. எப்படியானாலும் எல் கிடையாது.

இடுப்புல ரெண்டு இஞ்ச் குறைக்கணுமா? ரெண்டு பக்கத் தையல்லயும் ஒவ்வொரு இஞ்ச். முன்பக்கம் அரை, பின்பக்கம் அரை. கைக்குழிகிட்ட ஒண்ணுமே இல்லாம ஆரம்பிச்சு இடுப்புக்கு வரும்போது முழுசாப் பிடிக்கணும். லைனிங்கையும் தனியாப் பிடிக்கச் சொல்லுங்க, இல்லேன்னா உள்ளே சுருங்கி வெளியே தெரியும். ஜிப் முதுகுல இருந்தா வேலை லேசு. பக்கவாட்டுல இருந்தா ஜிப்பைக் கழட்டி மாட்டணும், கூலி கூடும்.

கோத்தகிரி_அக்கா:
அளவு எடுக்கும்போது அன்னிக்குப் போடப்போற பிராவைப் போட்டே எடும்மா. நாலு பேர் கவுனையும் ஒண்ணா ஆர்டர் போடுங்க. தனித்தனியா வாங்கினா சாயம் வேற வேற தொட்டில முங்கினதா வரும், கலர் ஒட்டாது. அப்புறம், கிறிஸ்துமஸுக்கு முன்னாடி இந்தப் பக்கத்து டைலர்ங்க யாரும் ஆல்டர் வேலையைத் தொட மாட்டாங்க. இப்பவே சொல்லிவெச்சு, ஜனவரி முதல் வாரத்துல குடு.

தலைகுந்தா_தம்பி:
ஜனவரி கடைசில கை இல்லாத கவுனா? உறைபனி விழுற மாசம்க்கா. உள்ளே தெர்மல், அதான் குளிர் தாங்குற உள்ளாடை, போட்டு அளவு எடுங்க, இல்லேன்னா விறைச்சுப் போயிடுவீங்க.

மஞ்சூர்க்காரன்:
உறைபனி உங்க தலைகுந்தாவுல தம்பி. குன்னூர் ஊட்டியைவிட எவ்வளவோ கீழே, அங்கே புல்லு அப்படி வெளுக்காது.

தலைகுந்தா_தம்பி:
பனி விழலைன்னா குளிராதா? கல் கட்டடத்துக்குள்ள காலைல ஒரு மணி நேரம் நின்னு பாருங்கண்ணே.

கூடலூர்_மிஸ்:
இதுக்குத்தான் பட்டுப்புடவைன்னா வம்பே இல்லைங்கிறது. சைஸும் கிடையாது, குளிரும் தெரியாது.

மஞ்சூர்க்காரன்:
மிஸ், அது கல்யாணப் பொண்ணோட ஆசை. நாம மாத்த முடியுமா?

ஊசிமுனை:
இழையைத் திசை திருப்பாதீங்க. கை இல்லாத கவுனுக்குள்ள மேல் தெர்மல் போட்டா கைக்குழி வழியா எட்டிப் பாக்கும், மார்பு அளவும் மாறிடும். விரிஞ்ச பாவாடைக்குள்ள தெர்மல் பேன்ட் போட்டா யாருக்கும் தெரியாது. மேலுக்கு நாலு பேரும் ஒரே மாதிரி சால்வை.

கோத்தகிரி_அக்கா:
ஆமா. இன்னொண்ணு, முதல்ல கைத்தையல் ஓட்டிப் போட்டுப் பாத்துட்டு மெஷின் தையல் போடச் சொல்லு. ஷிஃபான், சாட்டின்ல தையலைப் பிரிச்சா ஊசி போன இடமெல்லாம் வரிசையாப் புள்ளி தெரியும். அயர்ன் பண்ணினாலும் முழுசாப் போகாது. நீளத்தைக் கடைசியாக் குறைக்கணும், அன்னிக்குப் போடற செருப்பைப் போட்டு நிமிந்து நின்னு. ஷிஃபான் ஓரத்துக்குப் பீக்கோ தையல், லைனிங் அதைவிட ஒரு இஞ்ச் ஏத்தி. எவ்வளவு உயர ஹீல்ஸ்?

சிம்ஸ்பார்க்_பொண்ணு:
கேட்டுட்டேன், உடம்பு அளவுதானாம். ஜிப் முதுகுல. எக்ஸ்எல் சொல்லிட்டேன், நாலும் ஒண்ணாவே ஆர்டர் போட்டாச்சு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி!

கோத்தகிரி_அக்கா:
சந்தோஷம்மா. ஹீல்ஸ் எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே?

தலைகுந்தா_தம்பி:
சால்வை ஆர்டர் போட்டீங்களாக்கா?