கரஸில், அதாவது தொலைநிலைக் கல்வியில், படித்து முடித்தவர்களே, எது உங்களை முடிக்க வைத்தது?

பாம்பனில் சாயங்கால நேரம் கரஸில் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவி செய்துகொண்டிருக்கிறேன், பெரும்பாலும் இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். சேருகிறவர்கள் நிறைய, பட்டம் வாங்குகிறவர்கள் கொஞ்சம். நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

விசைப்படகில் வேலைக்குப் போகும் ஒரு தம்பி பி.ஏ. சேர்ந்தான். எங்கள் பக்கம் திங்கள், புதன், சனி அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போவார்கள், கரைக்கு வருவது மறுநாள் காலையில். வகுப்போ ஞாயிறு பத்து மணிக்கு, அதுவும் ராமநாதபுரத்தில். ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு வந்தவன் எப்படிப் போய் உட்காருவான்? ஒரு வகுப்புக்கும் போகவில்லை. ஆனாலும் முடித்தான்.

அவனைப் பிடித்து நிறுத்தியது அசைன்மென்ட், வீட்டிலிருந்தே விடை எழுதிக் கொடுக்கிற தாள். மார்க்கில் அதற்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம் என்பதால் பலரும் கடையில் விற்கும் விடையை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இவன் சொந்தமாக எழுதினான். திருத்தியவர் யாரோ, ஓரத்தில் சிவப்பு மையில் "உங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் கொடுத்திருக்கலாமே" என்று எழுதி அனுப்பியிருந்தார். அந்த ஒரு வரிக்காக அடுத்த தாளில் வலைக்கம்பெனி முன்பணம், கடன், மீன் விலை என்று நாலு பக்கம் எழுதினான் பாருங்கள்! வேறொரு மையத்தில் படித்த அக்காவுக்கு மார்க் மட்டும்தான் வந்தது, ஒரு சொல்கூட இல்லை. அடுத்த வருஷம் அவர் பணமே கட்டவில்லை, எனக்கு இன்றும் அது வருத்தம்தான். மைக்கேல் மூர் என்ற கல்வியாளர் தொலைநிலைக் கல்வியைப் பற்றி 1970களிலேயே சொன்னதும் இதுதான், ஆசிரியருக்கும் மாணவருக்கும் பேச்சு குறையக் குறைய இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் கூடும்.

அப்புறம் நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில். ஜூன் தேர்வுக்குப் படிக்க எங்கள் பையன்களுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. தடை முடிந்த பிறகு விழுகிற தாளைத்தான் கோட்டைவிடுகிறார்கள், அதை டிசம்பரில் எழுதிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் போய்விடும். மூன்று வருஷப் பட்டத்துக்கு ஆறு வருஷம் வரை அவகாசம் இருப்பது பாதிப்பேருக்குத் தெரிவதே இல்லை.

கீழக்கரையிலிருந்து ஒரு பதில்:
அக்கா, நீங்கள் சொன்ன பேச்சு எங்களுக்கு வாட்ஸ்அப்பில் கிடைத்தது. எங்கள் தெருவில் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்க, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படிக்கிற பெண்கள் சிலர் சேர்ந்தோம். ஒருத்தி ஒரு பாடத்தைப் படித்து அஞ்சு நிமிஷம் குரல் பதிவாகப் போடுவாள், மற்றவர்கள் சமையல்கட்டில் கேட்போம். புரியாததைக் கேட்டால் அவள் திரும்பப் படித்தாக வேண்டும், அதனால் சொன்னவளுக்குத்தான் அதிகம் மனதில் நின்றது. பரீட்சை ஹாலுக்கும் சேர்ந்தே போனதால் வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

சாயல்குடியிலிருந்து:
குழு நல்லதுதான், ஆனால் எனக்கு ஆள் யாரும் இல்லை, புத்தகம்தான் வாத்தியார். பாடத்துக்கு நடுவில் கேள்வி கொடுத்து, கடைசியில் விடையும் கொடுத்திருப்பார்கள். நிறையப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் விடையை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்ப்பேன். வீடியோ பாடமும் பார்த்தேன், தலையாட்டிக்கொண்டே பார்த்துவிட்டு மறுநாள் ஒன்றும் நினைவில் இருக்காது. எழுதியது மட்டும்தான் நின்றது.

பாம்பனிலிருந்து:
சாயல்குடித் தம்பி, டிசம்பர் தேர்வுக்கு இன்னும் அசைன்மென்ட் கொடுக்கவில்லை என்றால் கடைசித் தேதி வரை இழுக்காதீர்கள், மழைக்காலத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. கொடுக்கும்போது ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், தாளை ஒரு நகலும் எடுத்து வையுங்கள்.