யாருடைய தூண்டுதலும் இன்றி: ஒப்புதல் வாக்குமூலங்களோடு எங்கள் அனுபவங்கள்

ஏற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்

சேர்வராயன் மலைமேல் ஒரு கிராமத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றினேன். சிட்டாவிலும் அடங்கலிலும் சான்றிதழ்களிலும் நான் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் ஒன்று மட்டும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் என்னை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

1998ஆம் ஆண்டு மாசி மாதம், மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு காப்பித் தோட்டத்துக் குடோனிலிருந்து மிளகு மூட்டைகள் காணாமல் போயின. ஆறு மூட்டைகள் என்று தோட்டத்து ரைட்டர் (கணக்கு எழுதுபவர்) புகார் எழுதிக் கொடுத்தார். கூலித் தகராறில் முந்தைய மாதம்தான் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்த ஒரு மலையாளி இளைஞரைக் காவலர்கள் அன்று இரவே வீட்டிலிருந்து அழைத்துச் சென்றார்கள். (மலையாளிகள் என்பவர்கள் இந்த மலையின் பழங்குடியினர், பேசுவது தமிழ். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று கீழ்நாட்டில் பலர் எண்ணிக்கொள்வதால் சொல்கிறேன்.) அவர் எங்கே இருக்கிறார் என்பதுகூட அவருடைய தந்தைக்கு மூன்று நாட்கள் தெரியாது. கைது செய்தவுடன் கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே கட்டளையிட்டிருந்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய பதவியில் இருந்தேன்.

நான்காம் நாள் காலையில் ஒரு காவலர் என் அலுவலகத்துக்கு வந்து, "சார், ஐயா கூப்பிடுறாரு, ஒரு சாட்சிக் கையெழுத்துத்தான்" என்றார். தலையாரியையும் அழைத்துக்கொண்டு போனேன். காவல் நிலையத்தில் நான்கு தாள்கள் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டு, கார்பன் நகலோடு மேசையில் தயாராக இருந்தன. அந்த இளைஞர் சுவரோரம் தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொன்னபோது, உள்ளங்காலைத் தரையில் ஊன்ற முடியாமல் பாதத்தின் வெளி விளிம்பில் நின்றார். வலது கைப் பெருவிரல் வீங்கியிருந்ததால் மைப் பெட்டியில் பதியவில்லை. "இடது கையை வை" என்றார் எழுதிய காவலர். இடது பெருவிரல் ரேகைக்குக் கீழே நான் கையெழுத்திட்டேன், தலையாரியும் இட்டார்.

"நான் மேற்படி விலாசத்தில் எனது பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன்" என்று அந்த வாக்குமூலம் தொடங்கியது. மேற்படி என்ற சொல்லைத் தன் வாழ்நாளில் ஒரு முறையும் உச்சரித்திராத ஒருவர், "யாருடைய தூண்டுதலும் இன்றி, சுயநினைவோடு, தானாகவே" அதைச் சொன்னதாகவும் நாங்கள் இருவரும் உடனிருந்து கேட்டதாகவும் எழுதியிருந்தது. "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள இடத்தைக் காட்டி மூட்டையை எடுத்து ஆஜர் செய்கிறேன்" என்பது கடைசி வரி. அவர் என்னிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "சாமி, கொஞ்சம் தண்ணி." தண்ணீர் கொடுத்தேன். வேறு எதுவும் கேட்கவில்லை, கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

பிறகு ஜீப்பில் ஓர் ஓடைக்கரைக்குப் போனோம். பாறை இடுக்கிலிருந்து ஒரு மூட்டையை எடுத்துவைத்து, கைப்பற்றுதல் மகஜரிலும் (பொருளை எடுத்ததற்குச் சாட்சிகள் கையெழுத்திடும் பத்திரம்) கையெழுத்து வாங்கினார்கள். அந்தச் சாக்கை நான் தொட்டுப் பார்த்தேன். மாசிப் பனியில் கொடியில் காயப்போட்ட துணிகூட விடியும்போது பிழியும்படி நனைந்திருக்கும் மலை இது. நான்கு இரவுகள் புதரில் கிடந்ததாகச் சொல்லப்பட்ட அந்தச் சாக்கு உலர்ந்து மொரமொரவென்று இருந்தது. மீதி ஐந்து மூட்டைகளும் சேலம் லீ பஜாரில் பெயர் தெரியாத ஒருவருக்கு விற்கப்பட்டுவிட்டன என்பது வாக்குமூலம்.

இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்தில் இருப்புப் புத்தகத்தைச் சரிபார்த்தார்கள். காணாமல் போனவை நான்கு மூட்டைகள்தாம். ரைட்டர் கூட்டலில் தவறியிருக்கிறார். இதைக் கேட்ட நாளில்தான் எனக்கு முழுமையாக விளங்கியது. உண்மையாகவே திருடியவனுக்கு எத்தனை மூட்டை தூக்கினோம் என்பது தெரியாமல் இருக்குமா? அந்த ஆறு என்ற எண் திருடியவர் வாயிலிருந்து வரவில்லை, புகார் மனுவிலிருந்து வாக்குமூலத்துக்கு இறங்கியது.

அவருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை என்பதைவிட, ஜாமீன் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்பதே சரி. சொத்துள்ள இருவர் வேண்டும். அவர் தந்தை உழுத நிலத்துக்குப் பட்டா இல்லை. சேலம் மத்திய சிறையில் எழுபது நாட்களுக்கு மேல் இருந்தார். வழக்கு நடத்தினால் ஒரு வருடம் ஆகும், குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாட்களைக் கழித்துக்கொண்டு சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, நீதிபதி கேட்டபோது ஒப்புக்கொண்டார். மூன்று மாதத் தண்டனை. சாட்சிக் கூண்டில் ஏறி நான் பொய்யோ மெய்யோ சொல்ல வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அடுத்த ஆண்டு அதே தோட்டத்தின் வண்டி ஓட்டுநர் வேறொரு திருட்டில் பிடிபட்டு, மிளகு மூட்டைகளைத் தானே கொண்டுபோனதைத் தோட்டத்தாரிடம் சொன்னார். அதற்குப் பிறகும் அந்தத் தண்டனை யாராலும் திருத்தப்படவில்லை. மலையில் எங்கே கோழி காணாமல் போனாலும் முதலில் அந்த இளைஞரைத்தான் தேடி வந்தார்கள்.

சிவதாபுரத்திலிருந்து, கொலுசுப் பட்டறை நடத்துபவர்

ஐயா எழுதியதைப் படித்தபின் நானும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எங்கள் தொழிலில் வெள்ளி எடையில்தான் நம்பிக்கை இருக்கிறது: முதலாளி எடை போட்டுக் கொடுப்பார், வேலையாள் சேதாரம் கழித்து எடை போட்டுத் திருப்புவார். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் இரண்டரைக் கிலோ வெள்ளி குறைந்தது. அங்கே பற்றவைப்பு வேலை செய்த என் மைத்துனரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு இரவுகள் உறங்கவிடாமல் நிற்க வைத்தார்கள். மூன்றாம் நாள், "உன் பெண்சாதியையும் கூட்டி வரட்டுமா" என்று கேட்டார்கள். அதன்பின் அவர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையைச் சொன்னார். ஏன் அந்தக் கடையைச் சொன்னீர்கள் என்று பின்னாளில் கேட்டேன். பேருந்திலிருந்து இறங்கினால் முதலில் கண்ணில் படும் பெயர்ப்பலகை அது என்றார்.

அந்தக் கடைக்காரர் திருட்டு வெள்ளி வாங்கவே இல்லை. ஆனால் தானும் வழக்கில் சேர்க்கப்படுவோம் என்று பயந்து, சொன்ன எடைக்குத் தன் வெள்ளியை உருக்கிக் கட்டியாகக் கொடுத்துவிட்டார். அது 'ரெக்கவரி' என்று பதிவாயிற்று. இரண்டு மாதம் சென்றபின், காணாமல் போன வெள்ளி, சலங்கை கோர்ப்பதற்காக வேறோர் ஊருக்குக் கொடுத்தனுப்பியதில் எழுதாமல் விடுபட்டது என்று தெரியவந்தது. நடக்காத திருட்டுக்கு ஒப்புதல் வாக்குமூலமும் இருந்தது, கைப்பற்றிய பொருளும் இருந்தது. நான்கு ஆண்டுகள் வாய்தாவுக்கு அலைந்து என் மைத்துனர் விடுதலையானார். அதன்பிறகும் அவர் கையில் வெள்ளியைக் கொடுக்க எந்தப் பட்டறையும் முன்வரவில்லை. இப்போது கட்டட வேலைக்குப் போகிறார்.

அஸ்தம்பட்டியிலிருந்து, இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்

ஐயா, அந்த வாக்குமூலத்தின் பெரும்பகுதி சட்டத்தின் முன் செல்லாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவிலேயே, காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. விதிவிலக்காக, அந்தத் தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். நீங்கள் பார்த்த கடைசி வரியும் உலர்ந்த சாக்கும் அந்த வாசலுக்காகவே உருவாக்கப்பட்டவை.

ஆனால் உங்கள் ஊர்க்காரரைத் தண்டித்தது அந்தத் தாள்கள் அல்ல. நீதிபதி முன் அவர் சொன்ன "ஆம்". அப்படி ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவு, சட்டப் பொருத்தம் தவிர வேறு எதற்கும் மேல்முறையீடு செய்ய முடியாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு கூறியது. சிறையில் நான் சந்திக்கும் சிறு திருட்டு வழக்குக் கைதிகளில் பலர் என்னிடம் முதலில் கேட்பது, "ஒத்துக்கிட்டா எப்பம்மா விடுவாங்க?" என்பதுதான். செய்தீர்களா இல்லையா என்று நான் கேட்டால், அந்தக் கேள்விக்கே பொருள் இல்லை என்பதுபோல் பார்க்கிறார்கள். பெரிய வழக்குகளைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். இந்தச் சிறு வழக்குகளில் பறிபோகும் மூன்று மாதங்களைப் பற்றி எங்கும் ஒரு வரி வருவதில்லை என்பது என் மனக்குறை.

உங்கள் ஆறு மூட்டைக் கணக்கு எனக்கு ஜப்பானின் ஹகமதா வழக்கை நினைவூட்டுகிறது. 1966இல் நான்கு பேர் கொலைக்காகக் கைதான அந்த முன்னாள் குத்துச்சண்டை வீரர், ஏறத்தாழ இருபது நாள் விசாரணைக்குப் பின், இரவு உடையில் இருந்தபடி கொலை செய்ததாக ஒப்புக்கொண்டார். அன்று காவல்துறை நம்பியது அதைத்தான். ஓராண்டு கழித்து வேறு ரத்தக்கறை ஆடைகள் சோயா விழுதுத் தொட்டியில் 'கண்டெடுக்கப்பட்டதும்' அரசுத் தரப்பு கதையை மாற்றிக்கொண்டது. 1968இல் மரண தண்டனை. 2024 செப்டம்பரில், தன் 88ஆம் வயதில், மறுவிசாரணையில் விடுதலை. நம் நாட்டிலும் 2017இல் குருகிராமில் ஒரு பள்ளிச் சிறுவன் கொலையுண்டபோது, பேருந்து நடத்துநர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று காவல்துறை அறிவித்தது. சிபிஐ விசாரித்து அதே பள்ளியின் மாணவர் ஒருவரைப் பிடித்தது. நடத்துநர் 2018இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

இப்போது சோதனையையும் கைப்பற்றுதலையும் காணொளியில் பதிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. காவல் நிலையங்களில் கேமரா வைக்க 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயினும் ஓடைக்கரையில் மூட்டையை எடுக்கும் ஐந்து நிமிடக் காட்சி, அதற்கு முந்தைய மூன்று இரவுகளைக் காட்டாது. ஐயா, நீங்கள் விரும்பினால் உங்கள் வாக்குமூலத்தை ஒரு பிரமாணப் பத்திரமாக எழுதித் தருகிறேன். உயர் நீதிமன்றத்தில் சீராய்வுக்கு, அதாவது கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை மறுபடி பார்க்கும்படி கேட்பதற்கு, முயலலாம். இவ்வளவு காலத் தாமதத்தில் அது எளிதாக இருக்கும் என்று சொல்லமாட்டேன்.

ஏற்காட்டிலிருந்து, மீண்டும்

அம்மா, உங்கள் யோசனையை எடுத்துக்கொண்டு கடந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நான் பேசி முடிக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். நீதிமன்றம் வேண்டாம், இனி அந்தப் படி ஏற முடியாது என்றார். திருடன் மகள் என்று சொல்லி மகளுக்கு இரண்டு முறை சம்பந்தம் தட்டிப்போனதாம். "ஊர்க்கவுண்டர் முன்னாடி, எல்லாரும் இருக்கும்போது, நான் எடுக்கலேன்னு நீங்க வாயால சொல்லணும்" என்று மட்டும் கேட்டார். (ஊர்க்கவுண்டர் என்பவர் இங்கே ஊர்த் தலைவர்.)

வரும் அமாவாசையன்று ஊர்க் கூட்டம் கூடுகிறது. பிரமாணப் பத்திரத்தையும் நீங்கள் எழுதித் தாருங்கள், கையெழுத்திட்டு அவரிடமே கொடுத்துவிடுகிறேன். கூட்டத்தில் மூட்டைக் கணக்கையும், சாக்கு உலர்ந்திருந்ததையும், வலது கை வீங்கியிருந்ததையும் சொல்வேன். தலையாரி இப்போது இல்லை. அவருக்கும் சேர்த்து நானே சொல்ல வேண்டும்.