தங்கச்சிமடத்தில் வீடு, ரியோவில் மாநாடு: போவதா, வேண்டாமா?

கேட்டவர்: தங்கச்சிமடம்காரன்

வணக்கம். ஒரு வருஷமாக மனசில் கிடக்கிற விஷயம். இதே துறையில் இருப்பவர்கள் இங்கே உண்டு என்பதால் கேட்கிறேன்.

நான் சாஃப்ட்வேர் ஆராய்ச்சியாளன். நிரலை ஓட்டிப் பார்க்காமலே அதில் எங்கே பிழை வரும் என்று கண்டுபிடிக்கும் ஸ்டாட்டிக் அனாலிசிஸ்தான் என் வேலை. ஆபீஸ் பெங்களூரில். கோவிட் சமயத்தில் ஊருக்குத் திரும்பினவன் இங்கேயே தங்கிவிட்டேன். மனைவி மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர், தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறாள். மகள் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு இரண்டு வயது. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போனவர், இப்போது சர்க்கரையும் முழங்கால் வலியும். தம்பி விசைப்படகில் போகிறான்.

மாதம் ஒருமுறை பெங்களூருக்கு மூன்று நாள் போகிறேன். வருஷத்துக்கு இரண்டு வெளிநாட்டு மாநாடு. இங்கிருந்து கிளம்புவது என்றால் முதலில் மதுரை விமான நிலையத்துக்கே காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை ரயிலுக்கும் தீவை விட்டு வெளியே போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. அந்த இரண்டேகால் வருஷம் எங்களை ரொம்பவே அலைக்கழித்துவிட்டது.

என்னை உலுக்கியது 2024 நவம்பர் 20. அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நான் ஐரோப்பாவில் ஒரு மாநாட்டில் இருந்தேன். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பாவைக் கட்டிலோடு உயரமான இடத்துக்கு நகர்த்த அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டது என் மனைவிதான். கரண்ட் இல்லாததால் போனும் செத்துவிட்டது. பத்து மணி நேரம் எனக்கு ஒரு தகவலும் இல்லை. என் பேச்சு முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது ஐசிஎஸ்இ மாநாட்டில் எங்கள் கட்டுரை தேர்வாகியிருக்கிறது. சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கில் 1975இலிருந்து நடக்கிற பெரிய மாநாடு. 2014இல் அது ஹைதராபாத்துக்கு வந்தபோது மாணவனாக ரயில் ஏறிப் போய்ப் பார்த்தவன் நான். அங்கே நம் கட்டுரையைச் சொல்ல வேண்டும் என்பது அப்போதிருந்தே ஆசை. 2026 ஏப்ரல் 12 முதல் 18 வரை, ரியோ டி ஜெனிரோவில். சித்திரை ஒன்று அதற்குள் வருகிறது. போக வர நாளையும் சேர்த்தால் பத்து நாள் ஆகிவிடும்.

அப்பா கடலுக்குப் போன காலத்தில் போகிற நாளும் வருகிற நாளும் எங்களுக்குத் தெரியும். திங்கள், புதன், சனி டோக்கன் (கடலுக்குப் போகிற அனுமதிச் சீட்டு) போட்டுப் போவார், மறுநாள் காலையில் கரை. அம்மாவுக்கு அந்த ராத்திரி தூக்கம் இருக்காது, அது வேறு. ஆனாலும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு இருந்தது. என் மகளுக்கு அப்படி எதுவும் இல்லை. நான் பையை எடுத்தாலே வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

கட்டுரையை என்னோடு சேர்ந்து எழுதிய ஒரு ஆராய்ச்சி மாணவி பெங்களூரில் இருக்கிறார். அவரை அனுப்பிவிட்டு நான் வீட்டிலேயே இருந்துவிடலாமா? வருஷத்துக்கு எத்தனை பயணம் என்று நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

பதில் 1: உச்சிப்புளி அக்கா

தம்பி, நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். கோவையில் ஒரு கல்லூரியில் இதே துறையைச் சொல்லிக்கொடுக்கிறேன், பதினெட்டு வருஷமாக. பையன் இப்போது பிளஸ் டூ.

எத்தனை பயணம் என்பதை விட எந்த மாதம் என்று பாருங்கள். நம் துறை மாநாடுகள் ஓரளவுக்கு வழக்கமான மாதங்களில்தான் வரும். ஐசிஎஸ்இ பெரும்பாலும் ஏப்ரல், மே. பிஎல்டிஐ ஜூன் வாக்கில். ஓஓபிஎஸ்எல்ஏ, ஏஎஸ்இ எல்லாம் பெரும்பாலும் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள். நம் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம், கூண்டு எச்சரிக்கை. அந்த மூன்று மாதம் எங்கேயும் போகாதீர்கள். அந்த மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை, அனுப்பும்போதே யார் போய்ப் பேசுவது என்று முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் டிஎஸ்இ, டோசெம் மாதிரி ஆய்விதழுக்கு அனுப்புங்கள். அங்கே வெளியானதைப் பின்னால் ஐசிஎஸ்இயில் 'ஜர்னல் ஃபர்ஸ்ட்' பிரிவில் பேச விண்ணப்பிக்கலாம். எந்த வருஷம் போவது என்பதில் கொஞ்சமாவது உங்கள் கை இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உங்கள் தம்பி கரையில் இருப்பார். வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருப்பதை வைத்துச் சொல்லவில்லை. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் ஒரு ஆள் கூடுதலாக இருப்பார் என்பதற்காகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பயணம் இருந்தால் அந்த 61 நாளுக்குள் வரட்டும்.

கட்டுரை அனுப்பும் கெடுவையும் வீட்டுக் காலண்டரில் எழுதுங்கள். 'பூமியில் எங்கு வேண்டுமானாலும்' என்ற நேரப்படி, அதாவது உலகத்திலேயே கடைசியாக நாள் முடிகிற இடத்து நேரப்படி, இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் மாலை 5.29. நான் அந்தக் கடைசிச் சாயங்காலங்களில் பையனைக் கவனித்ததே இல்லை. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வெளியூர் போனது மாதிரிதான் அந்த நாட்கள். இப்போது முந்தின நாள் இரவே அனுப்பிவிடுகிறேன்.

அப்புறம் முக்கியமாக ஒன்று. பிரேசிலிலிருந்து இந்தியா திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் திரும்பி வரும்போது தனிமையில் வைப்பார்கள். சென்னை கிண்டி கிங் நிலையம் மாதிரி அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் போட முடியும். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.

பதில் 2: தேவிபட்டினத்து மருமகள்

நான் ஆராய்ச்சியாளர் இல்லை. ஒரு ஆராய்ச்சியாளரின் மனைவி. வீட்டில் இருக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன், அண்ணா.

ஒரு வாரப் பயணம் என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு இரண்டு வாரம். கிளம்புவதற்கு முன்னால் மூன்று நாள் நீங்கள் ஸ்லைடு செய்துகொண்டிருப்பீர்கள். திரும்பி வந்தபின் மூன்று நாள் பகலில் தூங்குவீர்கள். அந்த நாட்களையும் அண்ணியோடு உட்கார்ந்து கணக்கில் எழுதுங்கள். திரும்பும் டிக்கெட்டை வெள்ளிக்கிழமை வருகிற மாதிரி போடுங்கள். திங்கட்கிழமை காலை நீங்கள்தான் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

எனக்கு ரியோ பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதம் முன்னாலேயே தெரிந்து போவது. மாதாமாதம் பெங்களூர் மூன்று நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, வருஷத்துக்கு 36 நாள், அதுதான் வீட்டைத் தின்கிறது. என் வீட்டுக்காரர் மேலதிகாரியிடம் பேசி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொண்டார். எப்போதும் இரண்டாவது செவ்வாய். அதன்பிறகு என் பிள்ளைகள் கேட்பதையே விட்டுவிட்டார்கள், அவர்களுக்கே தெரியும்.

மழை நாளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து அழுதேன். அண்ணிக்கு ஒரு பவர் பேங்க், பக்கத்து வீட்டு நம்பர் இரண்டு, பாம்பனிலோ மண்டபத்திலோ மேட்டில் இருக்கிற உறவுக்காரர் வீடு ஒன்று. இது மூன்றும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

பதில் 3: கீழக்கரையிலிருந்து

எங்கள் வாப்பா துபாயில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நாற்பது நாள் லீவு. எனக்குப் பதினைந்து வயது வரும் வரை அவரோடு இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம்கூடத் தேறாது. ஆனால் வருகிற தேதியை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. உம்மா அதைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார், நாங்கள் தினமும் ஒரு கட்டத்தை அடிப்போம். நானும் இப்போது மென்பொருள் வேலையில் வெளியூர் போகிறேன். மாநாட்டில் யாராவது "இன்னும் ஒரு நாள் இருங்கள், ஆய்வகம் பார்க்கலாம்" என்று சொன்னால் நான் இருப்பதில்லை. சொன்ன தேதிக்கு வீட்டில் இருப்பேன். மாணவியை அனுப்புவதா என்று கேட்டீர்கள். அவருக்கு அது முதல் பெரிய மேடை என்றால் நீங்கள் போனாலும் பேச்சை அவருக்கே கொடுங்கள்.

கேட்டவரின் பதில்

மூன்று பேருக்கும் நன்றி. உங்கள் பதில்களை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பெங்களூர் பற்றி எழுதியிருந்ததைக் கேட்டதும் "இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்" என்றாள். உண்மைதான், சொல்லியிருக்கிறாள். மேலதிகாரிக்கு இன்று மெயில் போட்டுவிட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாவது செவ்வாய் என்று அப்படியே கேட்டிருக்கிறேன்.

ரியோ போகிறேன். முன்னும் பின்னும் நடக்கும் பட்டறைகளுக்கு இல்லை, நடு நாட்களுக்கு மட்டும். பேசப்போவது மாணவி, கேள்வி நேரத்தில் நான் பக்கத்தில் இருப்பேன். சித்திரை ஒன்று போகத்தான் செய்கிறது, அதற்கு எனக்கு வழி தெரியவில்லை. இங்கே ராத்திரி எட்டு மணி அங்கே காலை பதினொன்றரை. அந்த நேரத்துக்கு எந்த அமர்வு இருந்தாலும் வெளியே வந்து மகளிடம் பேசுவேன் என்று சொல்லியிருக்கிறேன். கணக்கு சரியா என்று அவளே விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

ஜனவரியில் ஊசிக்குச் சென்னை போகிறேன். அப்பாவுக்குக் கண் பார்க்க வேண்டியிருக்கிறது, அவரையும் ரயிலில் கூட்டிப்போகிறேன். புதுப் பாலத்தில் அவர் இன்னும் போனதில்லை.