புதுப்பிப்பு: டொரொண்டோ குளிரும் என் கல்வாழைக் கிழங்குகளும்

முதல் உறைபனியில் இலை கருகிய கல்வாழையை (கேனா என்னும் பூச்செடி) தோண்டுவதா, மண்ணிலேயே விடுவதா என்று அக்டோபரில் கேட்டிருந்தேன். தோண்டிவிட்டேன். இங்கே நிலமே உறைந்து போகும், விட்டால் கிழங்கு மிஞ்சாது.

தண்டை அரைச்சாண் விட்டு வெட்டி, சில நாள் நிழலில் உலர்த்தி, பீட் மாஸ் (மக்கிய பாசித்தூள்) நிரப்பிய அட்டைப்பெட்டியில் பேஸ்மென்டின் குளிர்ந்த மூலையில் வைத்தேன். 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஜனவரியில் சில சுருங்கியிருந்தன. லேசாகத் தண்ணீர் தெளித்தேன். அழுகல் கண்டதை உடனே எடுத்துவிட்டேன், பக்கத்துக் கிழங்குக்கும் தொற்றும். பிளாஸ்டிக் பையில் கட்டச் சொன்னவர்களுக்கு: வியர்த்தே அழுகிவிடும் ஐயா!

இப்போது ஏப்ரல். முளைக்கண் உள்ள துண்டுகளாக நறுக்கித் தொட்டியில் நட்டு, ஜன்னலோரம் வைத்தாயிற்று. குருத்து எட்டிப் பார்க்கிறது. மே கடைசிக்கு முன் வெளியே நடுவதாக இல்லை.